வீட்டுக்குள் ஸ்பிரே பெயின்ற்: பறக்கும் தூசியையும் தின்னர் ஆவியையும் அடக்கும் முறை

வீட்டில் ஓர் அலுமாரிக்கு ஸ்பிரே அடிக்கிறீர்கள் என்று வையுங்கள். ஸ்பிரே கன்னிலிருந்து புறப்படும் பெயின்ற் முழுவதும் அதில் போய் ஒட்டுவதில்லை. அதிக அழுத்தத்தில் இயங்கும் பழைய வகைக் கன்னென்றால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ஒட்டும். மிச்சம் சுவரில், தரையில், பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் வேட்டியில், உங்கள் நுரையீரலில். வளவில் நிழல் இருக்கிறதே, வெளியிலேயே அடித்துவிடலாமே என்று கேட்பீர்கள். யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்திலோ உரும்பிராயிலோ சோளகக் காற்று வீசும் நாளில் அதைச் செய்து பாருங்கள். ஈரப் பெயின்றின் மேல் செம்மண் புழுதி படிந்து, அலுமாரி அரத்தாள் போலச் சொரசொரக்கும். ஆகவே வீட்டுக்குள்தான் என்று முடிவெடுத்தவர்களுக்கு இந்த விளக்கம்.

பறப்பவை இரண்டு

ஒன்று பெயின்றின் நுண்துளி, மற்றது பெயின்றை இளக்கச் சேர்க்கும் தின்னரின் ஆவி. துணியோ பஞ்சோ வைத்துத் துளியைப் பிடிக்கலாம். ஆவி எந்தத் துணிக்குள்ளாலும் புகுந்து போய்விடும், அதைக் காற்றோடுதான் வெளியே அனுப்ப வேண்டும். இந்த வேறுபாடு புரியாமல் யன்னலுக்குத் துணி கட்டிவிட்டு, 'வடிகட்டி போட்டாயிற்று' என்று நம்புகிறவர்கள்தான் தலைச்சுற்றலோடு வெளியே வருகிறார்கள்.

பெயின்ற் வகைக்கேற்பத் துளியின் குணமும் மாறும். லாக்கர் காற்றிலேயே காய்ந்து பொடியாகக் கீழே விழும், பெரும்பாலும் துடைத்துவிடலாம். எனாமல் மெதுவாகக் காய்வதால் ஈரமாகவே போய் விழுந்து ஒட்டிக்கொள்ளும், சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

முதன்முறை அடிப்பவர்கள் தண்ணீரில் கலக்கும் பெயின்றையே எடுங்கள். பளபளப்பு கொஞ்சம் குறைந்தாலும் தீப்பிடிக்கும் பயமும் மணமும் பெருமளவு குறையும். வாகனங்களுக்கு அடிக்கும், இறுகவைக்கும் ஹார்டனரைத் தனியே சேர்க்கும் இருகூட்டுப் பெயின்றை வீட்டுக்குள் எடுக்கவே வேண்டாம். அதிலுள்ள ஐசோசயனேற் என்ற இரசாயனம் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. வெளியிலிருந்து குழாய் மூலம் சுத்தமான காற்றைத் தரும் முகக்கவசத்தோடு, அதற்கென அமைத்த கூடத்தில் செய்யும் வேலை அது.

காற்றுக்கு வழி

எதிரெதிராக இரண்டு திறப்புகள் உள்ள அறை வேண்டும். வைகாசி முதல் ஆவணி வரை சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். அப்போது தெற்கு அல்லது மேற்கு யன்னலால் காற்று உள்ளே வரட்டும், வடக்கு அல்லது கிழக்குப் பக்கத்தால் வெளியேறட்டும். வாடைக்காற்றுக் காலத்தில் இதைத் திருப்பிப் போடுங்கள். காற்றை எதிர்த்து விசிறி ஓட்டுவது வீண் வேலை. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் லாக்கர் அடிக்க வேண்டாம். ஈரக்காற்றில் அது வெள்ளை பூத்துவிடும்.

பழைய ஓட்டு வீடுகளில் கூரையோரம் காற்று போக இடைவெளி இருக்கும். அதை நம்ப வேண்டாம். தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். வெளியேறும் வழி தரைமட்டத்தில் இருப்பது நல்லது. வளவுப் பக்கம் திறக்கும் கதவு கிடைத்தால் அதுவே சிறந்தது. வீட்டின் உட்பக்கம் போகும் கதவின் கீழ் இடுக்கை ஈரச்சாரத்தால் அடையுங்கள், சுற்றிவர மாஸ்கிங் ரேப் ஒட்டுங்கள்.

பெயின்ற் ரின்னைத் திறப்பதற்கு முன் ஒரு சாம்பிராணிக் குச்சியைக் கொளுத்தி, அலுமாரி நிற்கும் இடத்தில் முழங்கால் உயரத்தில் பிடியுங்கள். புகை நேராக வெளியேறும் பக்கம் சாய்ந்தால் சரி. சுழன்று உங்கள் முகத்துக்கே திரும்பினால், உள்வரும் திறப்பு போதவில்லை என்று பொருள். உள்வரும் வழி வெளியேறும் வழியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு மூலையிலும் பார்த்த பிறகு, குச்சியை அணைத்து வெளியே கொண்டுபோய் வையுங்கள்.

விசிறி எங்கே?

இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். தண்ணீர்ப் பெயின்ற் என்றால் வெளியேறும் யன்னலில் விசிறியை வைத்து இழுக்கலாம், முன்னால் ஒரு வடிகட்டி போதும். தின்னர் கலந்த பெயின்ற் என்றால் அப்படிச் செய்யக்கூடாது. சாதாரண விசிறியின் மோட்டரிலும் சுவிச்சிலும் தீப்பொறி எழலாம். அதன் வழியாகவே எரியக்கூடிய ஆவியை இழுப்பது ஆபத்து. விசிறியை உள்வரும் யன்னலுக்கு வெளியே, சுத்தமான காற்றில் வைத்து உள்ளே தள்ளுங்கள். யன்னலில் மெல்லிய பருத்திச் சேலையை இரண்டாக மடித்துக் கட்டினால் புழுதி நிற்கும். தள்ளும் காற்று அறையில் அழுத்தத்தைக் கூட்டுவதால்தான் கதவிடுக்கை அவ்வளவு கவனமாக அடைக்கச் சொன்னேன்.

விசிறி போதுமா என்பதற்குச் சிறு கணக்கு: மூன்று மீற்றர் நீளம், அகலம், உயரம் உள்ள அறையின் கொள்ளளவு 27 கன மீற்றர். மணிக்கு 540 கன மீற்றர் தள்ளும் விசிறி அந்தக் காற்றை மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை மாற்றும். துணி கட்டினால் வேகம் குறையும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

தீ

தின்னர் எடுத்தால் குசினி அடுப்பு, சாமியறை விளக்கு, நுளம்புச் சுருள் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டி அந்த அறையிலோ அடுத்த அறையிலோ இருந்தால் பிளக்கைக் கழற்றுங்கள். அறையின் மின்குமிழை முன்பே போட்டுவிட்டு, இடையில் சுவிச்சைத் தொடாதீர்கள். பகல் வெளிச்சத்திலேயே வேலையை முடிப்பது இன்னும் நல்லது. கன்னுக்குக் காற்றை அழுத்தித் தரும் கொம்பிரசர் வெளியே நிற்கட்டும், குழாய் மட்டும் உள்ளே வரட்டும்.

மறைப்பு

சுவருக்குப் பொலித்தீன் போடுவது வழக்கம். ஆனால் அதில் காய்ந்த பெயின்ற் செதில் செதிலாகக் கழன்று, அடுத்த பூச்சின் ஈரத்தில் விழும். அலுமாரிக்குப் பின்னால் பழைய படுக்கை விரிப்பைக் கட்டுங்கள், துணி தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தரையில் மின்வயர் இல்லாத இடங்களில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிடுங்கள்.

முகக்கவசம்

கொரோனாக் காலத்தில் வாங்கிய மாஸ்க் உதவாது. என்95 துளியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. தின்னர் போன்றவற்றின் கரிம ஆவியை உறிஞ்சும் வடிகட்டிக் குப்பியான கார்ட்ரிட்ஜும் அதன் மேல் தூசி வடிகட்டியும் பொருத்திய இறப்பர் முகக்கவசம் வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தால் காற்று புகும். கவசத்துக்குள் தின்னர் மணம் வந்தால், கார்ட்ரிட்ஜ் முடிந்துவிட்டது அல்லது கவசம் சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள், உடனே வெளியே வாருங்கள். வேலை முடிந்ததும் கார்ட்ரிட்ஜைக் காற்றுப் புகாத பையில் வையுங்கள், திறந்து கிடந்தால் தானாகவே தேய்ந்துபோகும். கண்ணுக்கு மூடிய கண்ணாடி, உடம்புக்கு நீளக்கைச் சட்டை.

கன்னைப் பிடித்தல்

குறைந்த அழுத்தத்தில் அதிக காற்றைத் தரும் எச்.வி.எல்.பி கன் வாங்க முடிந்தால் வாங்குங்கள். அதன் முனையில் அழுத்தம் 10 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்னும் அழுத்த அளவு) மேல் போகாது; ஒழுங்காக அடித்தால் 65 வீதமளவு பெயின்ற் பொருளிலேயே ஒட்டும்.

காட்போட் மட்டையில் முதலில் அடித்துப் பாருங்கள். துளி பெரிது பெரிதாகத் தெரியும்வரை அழுத்தத்தைக் குறைத்து, பிறகு சற்றே கூட்டுங்கள். அதற்கு மேல் கூட்டும் ஒவ்வொரு பிஎஸ்ஐயும் அறைக்குள் பறக்கத்தான் போகிறது. முனைக்கும் பலகைக்கும் இடையில் 15 முதல் 20 சென்ரிமீற்றர், ரின் ஸ்பிரே என்றால் 25 வரை. மணிக்கட்டை வீசாமல் கை முழுவதையும் பலகைக்குச் சமாந்தரமாக நகர்த்துங்கள். விளிம்புக்குச் சற்று முன்னால் விசையை அழுத்தி, மறு விளிம்பைத் தாண்டியதும் விடுங்கள். அடுத்த வரிசை முந்தியதில் பாதியை மூட வேண்டும். காற்று உங்கள் முதுகிலிருந்தோ பக்கத்திலிருந்தோ வந்து, அலுமாரியைத் தாண்டிப் போகும்படி நில்லுங்கள்.

பிரம்புக் கதிரையையும் யன்னல் கம்பியையும் தயவுசெய்து ஸ்பிரே அடிக்காதீர்கள். பெயின்றில் பெரும்பகுதி ஓட்டைகளுக்குள்ளாலேயே போய்விடும். பிரஷ் எடுங்கள்.

முடிந்த பிறகு

கன்னை நிறுத்தியதோடு விசிறியை நிறுத்த வேண்டாம். காயும் பெயின்ற் தொடர்ந்து ஆவியை விட்டுக்கொண்டிருக்கும், அன்றிரவு அந்த அறையில் யாரும் படுக்கக்கூடாது. எனாமல் அல்லது எண்ணெய் ஊறிய துணிகளைக் குவித்து வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பற்றலாம். வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

கழுவிய தின்னரைக் கிணற்றடியிலோ வாழைக்கடியிலோ ஊற்றாதீர்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் நீரைத்தான் எல்லோரும் இறைக்கிறோம், மேலே ஊற்றியது அங்கேதான் போய்ச்சேரும். மூடிய போத்தலில் இரண்டொரு நாள் வைத்தால் சகதி அடியில் தங்கும், மேலே தெளிந்ததை அடுத்த முறை முதற்கழுவலுக்கு எடுக்கலாம். சகதியைத் தட்டையான ரின்னில் ஊற்றி, பிள்ளைகளும் கோழிகளும் போகாத இடத்தில் காயவிடுங்கள். அலுமாரியைப் படுக்கையறைக்குள் எடுப்பது மணம் முற்றாக அடங்கிய பிறகுதான். எனாமல் என்றால் அதற்கு ஒரு வாரமும் ஆகலாம்.