தேங்காய்த் தண்ணீர் வினிகர்: கார்க் அடித்து மெழுகு வைத்து வருஷக்கணக்கில் காப்பது எப்படி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பாகான் டத்தோ பக்கம் தேங்காய்க்குப் பஞ்சமே இல்லை. சந்தையில் தேங்காய்ப்பால் பிழிந்து விற்பவர்களிடம் முதல்நாளே சொல்லிவைத்தால் தண்ணீரை வாளியில் பிடித்துத் தருவார்கள். அதைப் புளிக்கவைத்து வினிகராக்குவது இங்கே பல வீடுகளில் கைவந்த வேலை, அதனால் அதை விட்டுவிடுகிறேன். போத்தலில் அடைப்பதில்தான் நான் 12 போத்தல் வினிகரை இழந்தேன். ஆறு மாதம் கழித்துத் திறந்தால் மேலே வழவழவென்று ஆடை, புளிப்பு பாதிகூட இல்லை.

காரணம் காற்றுதான். வினிகரைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும். சாராயச் சத்து தீர்ந்த பிறகும் காற்று கிடைத்தால், அது புளிப்பையே தின்று கரியமிலவாயுவும் தண்ணீருமாக மாற்றிவிடும்.

முதலில் வினிகரைத் துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். எவர்சில்வர் சட்டியில் 65 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே அரைமணி நேரம் வையுங்கள். கொதிக்கவிட்டால் வாசனை போய்விடும். அலுமினியச் சட்டியைத் தொடவே வேண்டாம், புளிப்பு அதை அரித்துவிடும். நன்றாக ஆறிய பிறகுதான் ஊற்ற வேண்டும். சூடாக ஊற்றினால் ஆறும்போது அளவு சுருங்கி, கார்க்கை உள்ளே இழுக்கும்.

போத்தலுக்கு 750 மில்லி வைன் போத்தலே நல்லது. உணவகங்களில் காலிப் போத்தல் கேட்டால் கிடைக்கும். திருகு மூடி, தகர மூடி இரண்டும் எனக்குப் பிடிக்காது. புளிப்பு ஆவியில் உலோகம் துருப்பிடிக்கும். கார்க் 24 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும், போத்தலின் கழுத்துத் துளையோ சுமார் 18.5 மில்லிமீட்டர்தான். அதனால் கையால் அழுத்தி வேலை நடக்காது. சுத்தியலால் தட்டும் பிளாஸ்டிக் கருவி வாங்காதீர்கள், கார்க் கோணிக்கொள்ளும். இரண்டு கைப்பிடி உள்ள கருவியை வாங்குங்கள். கார்க்கைக் கொதிநீரில் வேகவைக்காமல், வெந்நீரில் ஒரு நிமிஷம் முக்கி எடுத்து அடியுங்கள். வினிகருக்கும் கார்க்கின் அடிக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி போதும்.

இனி நான் தவறிய இடம். கார்க் அடித்த கையோடு மெழுகில் முக்கினேன். உள்ளே அழுந்தியிருந்த காற்று கார்க்கின் ஓரமாகக் கசிந்து, மெழுகில் ஊசிமுனை அளவு துளை போட்டது. கண்ணுக்குத் தெரியவில்லை, ஆறிய பிறகு விரலால் தடவினால் சின்னக் கொப்புளம் தட்டுப்படும். அதனால் கார்க் அடித்து ஒரு நாள் முழுக்க நிமிர்த்தி வையுங்கள். பிறகு வாயைத் துணியால் காயத் துடையுங்கள். ஈரம் இருந்தால் மெழுகு ஒட்டாது. கார்க் வெளியே துருத்தியிருந்தால் கத்தியால் சமமாக வெட்டிவிடுங்கள்.

மெழுகுக்கு, சீனர்களின் பூஜைச் சாமான் கடையில் விற்கும் சிவப்பு மெழுகுவர்த்தியை உருக்கலாம். ஆனால் அது மட்டும் போட்டால் சில மாதத்தில் செதில் செதிலாக உதிரும். மூன்று பங்குக்கு ஒரு பங்கு தேன்மெழுகு கலந்தால் இளகலாக நிற்கும். டப்பாவை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து உருக்குங்கள், நேரடித் தீ ஆபத்து. கழுத்தை மூன்று சென்டிமீட்டர் ஆழம் முக்கி உடனே எடுத்து, சுற்றி ஆட்டி ஆறவிட்டு, மறுபடியும் ஒருமுறை முக்குங்கள். முக்கி எடுத்ததும் குமிழி எழுந்தால் மெழுகைச் சுரண்டிவிட்டு நாளைக்கு மறுபடி முயலுங்கள்.

வைனைப் படுக்கவைப்பார்கள், வினிகரை நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். புளிப்பு கார்க்கைத் தொடக்கூடாது. தகரக் கூரைக்குப் பக்கத்துப் பரண் வேண்டாம். மத்தியானச் சூட்டில் மெழுகு இளகும். என் வீட்டில் சமையலறை மேடைக்கு அடியில், சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறேன். வெயில் படாது.

பின்குறிப்பு: ஹூத்தான் மெலிந்தாங்கிலிருந்து ஒரு அக்கா, திறக்கும்போது மெழுகுத் தூள் உள்ளே விழுவதாக எழுதியிருந்தார். முக்குவதற்கு முன் கழுத்தில் ஒரு சணல் நூலைச் சுற்றி, நுனியை வெளியே விட்டுவிடுங்கள். திறக்கும்போது அந்த நுனியை இழுத்தால் மெழுகு வளையமாகக் கிழிந்து வரும். கார்க்கை எடுக்கும் முன் வாயை ஒருமுறை துடைத்துவிடுங்கள்.