கார்டு மாற்றினேன், வட்டி ஏறியது

பாயிண்ட் அதிகம் என்று சொன்னதால், பழைய கிரெடிட் கார்டை அதே வங்கியின் வேறொரு கார்டுக்கு மாற்றினேன். 4,000 வெள்ளி பாக்கியும் கூடவே போனது. அடுத்த மாத பில்லைப் பார்த்தால் வட்டி 15 இல்லை, 18 விழுக்காடு! வயிறு எரிந்தது.

மலேசியாவில் கார்டு வட்டிக்கு மூன்று படி உண்டு. கடந்த 12 மாதமும் குறைந்தபட்சத் தொகையை நாள் தவறாமல் கட்டியவருக்கு அதிகபட்சம் 15, பத்து மாதமாவது கட்டியவருக்கு 17, மற்றவர்களுக்கு 18. என் கார்டு புதுக் கணக்காகப் பதிவானதால், அத்தனை நாள் ஒழுங்காகக் கட்டியது கணக்கில் வரவில்லை. வருடத்துக்கு 120 வெள்ளி வீண். மாற்றும் முன்பே "என் வட்டி விகிதம் மாறுமா?" என்று எழுத்தில் கேட்டிருக்க வேண்டும், நீங்களாவது கேளுங்கள்.

சரி, என்ன செய்தேன்? 12 மாத பில்களையும் அச்செடுத்து, பணம் கட்டிய தேதிகளில் மஞ்சள் கோடு போட்டு, ஒரு கடிதத்தோடு பிரிக்பீல்ட்ஸ் கிளையில் நேரில் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த தங்கச்சி ஒவ்வொரு தேதியாக விரல் வைத்துப் பார்த்தாள். "எல்லாம் சரியா இருக்கு அக்கா" என்று நகலில் முத்திரை குத்திக் கொடுத்தாள். மூன்றாவது வாரம் வட்டி 15-க்கு இறங்கியது. கூடுதலாகப் பிடித்த பத்து வெள்ளியும் திரும்பி வந்தது.