வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு வேத வாசிப்பு: எங்கே தொடங்கலாம்?

பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் ஜோராக ஆரம்பித்து, மூன்றாவதான லேவியராகமத்தில் மூச்சு வாங்கி நின்றுவிடுவதுதான் பல வீடுகளின் கதை. மொத்தம் 1,189 அதிகாரங்கள். ஒரே வருடத்தில் முடிக்க வேண்டுமென்றால் தினமும் மூன்று, நான்கு அதிகாரம் ஓட வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த ஓட்டம் வேண்டாம் என்பேன்.

இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரங்கள்தான், சம்பவங்கள் சடசடவென்று நகரும். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்று வைத்தால் மூன்று வாரமும் ஒரு நாளும். பிறகு ரூத், யோனா. இரண்டுக்கும் நான்கு நான்கு அதிகாரம். நீதிமொழிகளில் 31 இருப்பதால் தேதிக்கு ஒன்றாக வாசிக்கலாம். ஆனால் அது கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான் சரிப்படும்.

நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டாதீர்கள், ஒரு வேலையோடு கட்டுங்கள். காலைச் சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவி வைத்ததும் வேதப்புத்தகம், அதன் பிறகுதான் கணக்கு நோட்டு. வாசிக்கத் தெரிந்தவர் ஆளுக்கு ஐந்து வசனம். தெரியாத குட்டி கேட்டுக்கொண்டே படம் வரையட்டும். யோனாவை விழுங்கியது திமிங்கலம் என்று வரைந்தால் திருத்தாமல், "வசனத்தில் என்ன போட்டிருக்கிறது, பார்ப்போமா?" என்று கேளுங்கள். 'பெரிய மீன்' என்றுதான் இருக்கும். அதைத் தானே கண்டுபிடித்த பிள்ளை மறுநாள் காதைத் தீட்டிக்கொண்டு உட்காரும்.

அட்டவணையில் தேதி எழுத வேண்டாம். அதிகார எண்ணுக்கு ஒரு கட்டம் போதும். காய்ச்சலில் நான்கு நாள் போனாலும் விட்ட கட்டத்திலிருந்து தொடரலாம்.