ட்ரோன் அப்புறம், ரிமோட் முதலில்

எஃப்பிவி, அதாவது ட்ரோனின் கேமரா காட்டுவதைப் பார்த்தபடியே அதை ஓட்டும் ஆசை வந்ததும் எல்லோரும் தேடுவது ட்ரோனைத்தான். என்னைக் கேட்டால் முதல் செலவு ரிமோட்டாக இருக்கட்டும். ரேடியோமாஸ்டர் பாக்கெட் மாதிரி சின்னதாக ஒன்று போதும், யுஎஸ்பி கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்து ஜாய்ஸ்டிக் என்று தேர்ந்தெடுத்தால் சிமுலேட்டர், அதாவது கம்ப்யூட்டரிலேயே பறக்கப் பழகும் மென்பொருள், அதைக் கண்டுகொள்ளும். நாளைக்கு நிஜ ட்ரோனுக்கும் அதே ரிமோட்தான். வீட்டில் கிடந்த கேம்பேடில் சமாளிக்கலாம் என்று நானும் ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். அதில் விரலை எடுத்தால் ஸ்பிரிங் ஸ்டிக்கை நடுவுக்கு இழுத்துவிடும், த்ராட்டில் (மோட்டாருக்கு எவ்வளவு விசை என்று சொல்வது) பாதியில் நிற்கும், ட்ரோன் ஜிவ்வென்று மேலே போய்விடும். ரிமோட்டில் த்ராட்டில் விட்ட இடத்திலேயே நிற்கும்.

சிமுலேட்டர் லிஃப்ட்ஆஃப், வெலாசிட்ரோன், அன்கிராஷ்டு, எதுவானாலும் சரி. உள்ளே போனதும் ஸ்டிக்குகளை காலிபரேட் செய்துவிட்டு நேராக ஆக்ரோ மோடுக்குப் போங்கள். ஆங்கிள் மோடில் கையை விட்டால் ட்ரோன் தானாகச் சமநிலைக்கு வந்துவிடும், அந்தச் சுகம் பழகிவிட்டால் அப்புறம் மாறுவது கஷ்டம். ஆக்ரோவில் ஸ்டிக் சொல்வது எவ்வளவு சாய வேண்டும் என்பதை அல்ல, எவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும் என்பதை. வலது ஸ்டிக்கை லேசாக முன்னால் தட்டி நடுவுக்குக் கொண்டுவாருங்கள்: சாய்ந்தது சாய்ந்தபடியே போய்க்கொண்டிருக்கும், நிமிர்த்த வேண்டுமென்றால் எதிர்ப்பக்கம் நீங்கள்தான் தட்ட வேண்டும். தட்டாமல் அழுத்திப் பிடித்தால் குட்டிக்கரணம்தான், முதல் நாள் முழுக்க எனக்கு அதுதான் நடந்தது.

கேமரா சாய்வை 15, 20 டிகிரிக்குள் வையுங்கள். வீடியோக்களில் பார்க்கிற 40 டிகிரியில் ஆரம்பித்தால், மிதக்கும்போது வானம்தான் தெரியும், முன்னால் பார்க்கவே வேகமாகப் பறந்தாக வேண்டும். ரேஸ் கேட் (பந்தயத்தில் உள்ளே நுழைந்து போக வேண்டிய வாசல்) பக்கம் இப்போது போக வேண்டாம். இரண்டு மரங்களைச் சுற்றி எட்டுப் போடுங்கள், உயரம் ஏறாமல் இறங்காமல். திரும்பும்போது ரோல் (பக்கவாட்டில் சாய்ப்பது) மட்டும் கொடுத்தால் பக்கவாட்டில் வழுக்கும், அதே பக்கம் ‘யா’வும் (yaw, மூக்கைத் திருப்புவது) சேர வேண்டும். சாய்ந்ததும் உயரம் குறையும், த்ராட்டிலை ஒரு நூல் ஏற்ற வேண்டும். இந்த மூன்றும் யோசிக்காமல் ஒன்றாக வரும்வரை எட்டுதான். தினம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும், ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக ஐந்து மணி நேரம் உட்கார்ந்தால் விரல்தான் வலிக்கும்.

இன்னொன்று. சிமுலேட்டரில் மோதினால் ரீசெட் பட்டனை அழுத்திவிட்டுப் போய்விடுவோம். அந்தப் பழக்கத்தோடு மைதானத்துக்குப் போனால், ட்ரோன் புல்லில் சிக்கி ப்ரொப்பெல்லர் சுற்ற முடியாமல் திணறும், மோட்டார் கருகும். அதனால் சிமுலேட்டரிலும் மோட்டாரை நிறுத்தும் டிஸ்ஆர்ம் ஸ்விட்ச்சை வைத்துக்கொண்டு, விழுந்ததும் முதலில் அதைத் தட்டுங்கள், ரீசெட் அதற்கப்புறம்.