கரண்ட் போய் வந்தாலும் தானாக எழும்பும் சேர்வர்: வெப் செயலியை சிஸ்டம்டி-யிடம் ஒப்படைப்பது எப்படி?

காலபோக அறுவடை நேரம் வன்னியில் நெல் வாங்கும் களஞ்சியங்களுக்கு இரவு பகல் கிடையாது. பகல் முழுக்க மெஷின் வெட்டும். பொழுதுபட்ட பிறகுதான் லாண்ட்மாஸ்டர்களில் மூட்டைகள் வரிசையாக வந்து நிற்கும். எடை, மூட்டை எண்ணிக்கை, ஈரப்பதன் 14 வீதத்துக்குள் நிற்கிறதா என்பதையெல்லாம் ஒரு சின்ன வெப் செயலியில் பதிகிறார்கள் என்று வையுங்கள். இடையில் பத்து நிமிடம் கரண்ட் போய் வருகிறது. கணினி திரும்ப எழும்பிவிட்டது. ஆனால் "தம்பி, பக்கம் திறக்குதில்லை" என்று தொலைபேசி வருகிறது. செயலியை எழுதியவர் வவுனியாவில் நிற்கிறார். களஞ்சியத்தில் இருப்பவருக்கு லினக்ஸ் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை.

அந்த அழைப்பு வராமல் செய்வதுதான் இந்தப் பதிவின் வேலை. பைத்தனில் ஃபிளாஸ்க் கொண்டு ஒரு செயலி எழுதப் பழகிவிட்டீர்கள், அதை உபுண்டு அல்லது டெபியன் போட்ட ஒரு கணினியில் ஓட்டியும் பார்த்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். செயலியின் கோப்பு ஆப்.பிஒய், தரவு இருப்பது எஸ்கியூலைட் கோப்பில், செயலிக்குப் பெயர் நெல்.

தட்டச்சுப் பற்றி முதலில் ஒன்று. கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

டெர்மினலில் ஓட்டினால் ஏன் செத்துப்போகிறது?

டெர்மினலில் பைத்தன்3 ஆப்.பிஒய் என்று ஓட்டும்போது உங்கள் செயலி அந்த டெர்மினலின் பிள்ளையாகிவிடுகிறது. ஜன்னலை மூடினாலோ, எஸ்எஸ்ஹெச் இணைப்பு அறுந்தாலோ, லினக்ஸ் அதற்கு ஹேங்அப் என்ற சைகையை அனுப்பும். தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினிக்குள் நுழைந்த காலத்தில், அழைப்பு துண்டானதைச் சொல்ல வைத்த சைகை அது. அதைப் பெற்ற செயலி சாதாரணமாக அப்படியே முடிந்துவிடும்.

இதற்கு நோஹப் போடு, ஸ்கிரீன் போடு, டிமக்ஸ் போடு என்று பலர் சொல்வார்கள். டெர்மினல் மூடுவதிலிருந்து அவை காப்பாற்றும், உண்மை. ஆனால் செயலி ஏதோ பிழையால் விழுந்தால் தூக்கி நிறுத்த அங்கே ஆள் இல்லை. கரண்ட் போய் வந்தால் எல்லாம் போச்சு. நம்முடைய இடங்களுக்கு அது போதாது.

கணினி எழும்பும்போதே எழும்பி, மற்ற எல்லாவற்றையும் ஓடவைக்கும் முதல் நிரல் ஒன்று லினக்ஸில் இருக்கிறது. உபுண்டுவில் 2015இல் வந்த 15.04 பதிப்பிலிருந்து அந்த இடத்தில் இருப்பது சிஸ்டம்டி. செயலியை அதனிடமே ஒப்படைத்துவிடலாம். புதிதாக எதையும் நிறுவத் தேவையில்லை.

செயலிக்கு ஒரு வீடு, ஒரு பயனர்

உங்கள் சொந்த ஹோம் கோப்புறையிலேயே செயலியை விட்டுவிடாதீர்கள். உபுண்டு 21.04 முதல் புதிதாக உருவாகும் ஹோம் கோப்புறைக்குள் இன்னொரு பயனர் எட்டிப்பார்க்க முடியாது. நாம் செயலிக்கென்று தனிப் பயனர் வைக்கப்போவதால் அது இடிக்கும்.

சூடோ ஆட்யூஸர் --சிஸ்டம் --குரூப் நெல்
சூடோ எம்கேடிர் /ஒப்ட்/நெல்

ஆப்.பிஒய் கோப்பையும் தரவுக் கோப்பையும் /ஒப்ட்/நெல் கோப்புறைக்குள் பிரதி எடுங்கள். செயலிக்கான பைத்தன் நூலகங்கள் இருக்கும் பழைய வென்வ் கோப்புறையை மட்டும் பிரதி எடுக்க வேண்டாம். அதற்குள் இருக்கும் நிரல்களின் முதல் வரியில் பழைய இடத்தின் பாதை எழுதப்பட்டிருக்கும். இடம் மாறினால் அவை ஓடாது. புதிதாகவே செய்யுங்கள்:

சூடோ பைத்தன்3 -எம் வென்வ் /ஒப்ட்/நெல்/வென்வ்
சூடோ /ஒப்ட்/நெல்/வென்வ்/பின்/பிப் இன்ஸ்டால் ஃபிளாஸ்க் குனிகோர்ன்
சூடோ சிஎச்ஓன் -ஆர் நெல்:நெல் /ஒப்ட்/நெல்

கடைசி வரியில் அந்த ஆர் பெரிய எழுத்து. கோப்புறை முழுவதையும் நெல் பயனரின் கையில் கொடுக்கும் வரி இது. தரவுக் கோப்பை மட்டும் கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. எஸ்கியூலைட் ஒவ்வொரு தடவை எழுதும்போதும் பக்கத்தில் ஒரு துணைக் கோப்பை உண்டாக்கும். கோப்புறையில் எழுத அனுமதி இல்லாவிட்டால், பக்கம் அழகாகத் திறக்கும், ஆனால் ஒரு மூட்டையைக்கூடப் பதிய முடியாது.

குனிகோர்ன் எதற்கு? ஃபிளாஸ்க்கோடு வரும் சேர்வர் எழுதிப் பார்ப்பதற்கு மட்டும்தான். ஓட்டும்போதே அது அப்படி எச்சரிக்கும். நாள் முழுக்க ஓட குனிகோர்ன் நல்லது.

சேர்விஸ் கோப்பு

இதில் கொஞ்சம் ஆறுதலாக இருங்கள். முழு வேலையும் இந்த ஒரு கோப்பில்தான் இருக்கிறது.

சூடோ நானோ /ஈடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம்/நெல்.சேர்விஸ்

உள்ளே இப்படி எழுத வேண்டும்:

[யூனிட்]
டிஸ்கிரிப்ஷன்=நெல் பதிவு
ஆஃப்டர்=நெட்வேர்க்.டார்கெட்

[சேர்விஸ்]
யூஸர்=நெல்
வேர்க்கிங்டிரெக்டரி=/ஒப்ட்/நெல்
என்வைரன்மென்ட்=பைத்தன்அன்பஃபர்ட்=1
எக்ஸெக்ஸ்டார்ட்=/ஒப்ட்/நெல்/வென்வ்/பின்/குனிகோர்ன் --வேர்க்கர்ஸ் 2 --பைண்ட் 0.0.0.0:8000 ஆப்:ஆப்
ரீஸ்டார்ட்=ஆல்வேஸ்
ரீஸ்டார்ட்செக்=5

[இன்ஸ்டால்]
வான்டட்பை=மல்டி-யூஸர்.டார்கெட்

சமன் குறிக்கு இடப்பக்கம் இருப்பவற்றிலும் சதுர அடைப்புக்குள் இருப்பவற்றிலும் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் பெரியது, சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லை. பைத்தன்அன்பஃபர்ட் முழுவதும் பெரிய எழுத்து. மற்றதெல்லாம் சின்ன எழுத்து.

எக்ஸெக்ஸ்டார்ட் வரியில் பாதை சாய்கோட்டில் தொடங்கி முழுதாக இருக்கட்டும். வெறும் குனிகோர்ன் என்று எழுதினால், உங்கள் வென்வ் எங்கே இருக்கிறது என்று சிஸ்டம்டி-க்குத் தெரியாது.

ரீஸ்டார்ட்=ஆல்வேஸ் என்றால் செயலி எப்படி விழுந்தாலும் திரும்ப எழுப்பு என்று பொருள். அதோடு ரீஸ்டார்ட்செக்=5 கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் சிஸ்டம்டி ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டுமே பொறுத்துவிட்டு மறுபடி ஓட்டும். 10 வினாடிக்குள் 5 தடவை தொடங்கியும் நிலைக்காவிட்டால் கைவிட்டுவிடும். எழும்பின உடனேயே விழும் ஒரு செயலி இந்த ஐந்து வாய்ப்பையும் கண் இமைப்பதற்குள் தீர்த்துவிடும். ஐந்து வினாடி இடைவெளி விட்டால் அந்த எல்லைக்குள் போகவே போகாது. எவ்வளவு நேரமானாலும் முயன்றுகொண்டே இருக்கும்.

0.0.0.0 என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. கரண்ட் வந்ததும் கணினி முந்தும், ரூட்டர் பிந்தும். 192.168.8.50 போல ஒரு குறிப்பிட்ட முகவரியை அங்கே எழுதியிருந்தால், ரூட்டர் அந்த முகவரியைத் தரும்வரை செயலி எழும்ப முடியாது. 0.0.0.0 எந்த முகவரிக்காகவும் காத்திருக்காது. ஆனால் அந்த வைஃபையில் இணைந்த எல்லோருக்கும் செயலி தெரியும் என்பதை மறக்காமல் கடவுச்சொல் போடுங்கள். வெளி இணையத்துக்குத் திறப்பது என்றால் முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சேர்வரை வைத்து, எச்டிடிபிஎஸ்ஸும் போட்டபிறகுதான்.

நோட் ஜேஎஸ்ஸில் எழுதுகிறவர்கள் எக்ஸெக்ஸ்டார்ட் வரியை மாற்றி, பைத்தனுக்கான என்வைரன்மென்ட் வரியை எடுத்துவிட்டால் சரி.

ஓடவிடுவோம்

சூடோ சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்
சூடோ சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ் நெல்
சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் நெல்

முதல் வரி, புதுக் கோப்பை வாசி என்கிறது. சேர்விஸ் கோப்பில் எதை மாற்றினாலும் இதைத் திரும்பக் கொடுக்க வேண்டும். இரண்டாவதில் எனேபிள் என்பது கணினி எழும்பும் ஒவ்வொரு தடவைக்குமானது, நவ் என்பது இப்போதைக்கானது. ஸ்டார்ட் மட்டும் கொடுத்துவிட்டு எனேபிள் கொடுக்காமல் போவதுதான் தொடங்குகிறவர்களிடம் அதிகம் காணும் பிழை. இன்றைக்கு ஓடும், அடுத்த மின்வெட்டோடு நின்றுவிடும்.

மூன்றாவதில் பச்சை நிறத்தில் ஆக்டிவ் என்று வந்தால் நல்லது. சிவப்பில் ஃபெயில்ட் என்றோ, ஆக்டிவேட்டிங் என்று மாறி மாறியோ வந்தால், பக்கத்தில் ஒரு எண் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். 203 என்றால் எக்ஸெக்ஸ்டார்ட்டில் சொன்ன நிரலை ஓட்ட முடியவில்லை: பாதை பிழை, அல்லது மேலே சொன்ன பழைய வென்வ். 200 என்றால் வேர்க்கிங்டிரெக்டரி அந்த இடத்தில் இல்லை. 217 என்றால் நெல் என்ற பயனர் இல்லை. வேறு எண் என்றால் பெரும்பாலும் உங்கள் நிரலுக்குள்ளேயே பிழை. அதற்கு:

ஜேர்னல்சிடிஎல் -யு நெல் -என் 50

கடைசி 50 வரிகளைக் காட்டும். எல்லாவற்றையும் தேடிக்கொண்டிருக்காமல், பைத்தன் பிழைச்செய்தியின் கடைசி வரியிலிருந்து மேலே வாசியுங்கள். -என் 50 இடத்தில் -எஃப் போட்டால் நடப்பதை நேரடியாகப் பார்க்கலாம். பிரிண்ட் போட்டு எழுதியவையும் உடனுக்குடன் இங்கே வரும். அந்த அன்பஃபர்ட் வரி அதற்காகத்தான்.

கொன்று பார்க்க வேண்டும்

ஓடுகிறது என்று நம்பி வீட்டுக்குப் போக வேண்டாம். முதலில் செயலியைக் கொல்லுங்கள்:

சூடோ சிஸ்டம்சிடிஎல் கில் -எஸ் கில் நெல்

இரண்டாவது கில் மட்டும் பெரிய எழுத்து. ஐந்து வினாடி கழித்து ஸ்டேட்டஸ் பாருங்கள். மெயின் பிஐடி என்ற எண் மாறியிருக்கும், செயலி ஓடிக்கொண்டிருக்கும். அடுத்து சூடோ ரீபூட். கணினியில் யாரும் உள்நுழையாமலே, ஒரு தொலைபேசியிலிருந்து பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள்.

அதற்குப் பிறகு உண்மையான சோதனை: செருகியைப் பிடுங்குவது. மேசைக் கணினி என்றால் கரண்ட் வந்ததும் தானாக எழும்பச் சொல்லும் அமைப்பு பயோஸில் இருக்கும், அதை இயக்கிவிடுங்கள். ராஸ்பெரி பைக்கு அது தேவையில்லை, மின்சாரம் கிடைத்தவுடன் எழும்பும். ஆனால் பை 4 வரையான பலகைகளில் மின்சாரம் போனாலும் நேரம் காக்கும் மணிக்கூடு (ஆர்டிசி) இல்லை. இணையம் வராமல் எழும்பினால் நேரம் பிந்தியிருக்கும், பதிவுகளில் பிழையான திகதி விழும். களஞ்சியப் பதிவில் திகதி பிழைத்தால் கமக்காரருக்குக் காசு கிடைப்பதில் சிக்கல் வரும். ஒரு ஆர்டிசி தொகுதி வாங்கிப் பூட்டிவிடுங்கள்.

என்னைக் கேட்டால், பழைய லாப்டாப்தான் இந்த வேலைக்குச் சிறந்தது. பற்றரி கொஞ்சம் நின்றாலே சின்ன மின்வெட்டுகளைத் தாண்டிவிடும். மூடியை மூடினால் தூங்கிவிடாமலிருக்க, /ஈடிசி/சிஸ்டம்டி/லொகின்ட்.கொன்ஃப் கோப்பில் ஹேண்டில்லிட்சுவிட்ச்=இக்னோர் என்று எழுதி (இங்கும் சமன் குறிக்கு இடப்பக்கம் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் பெரியது) ரீபூட் செய்யுங்கள். பற்றரி முழுதாக இறங்கிவிட்டால் பல லாப்டாப்கள் கரண்ட் வந்தும் தானாக எழும்பாது. அதற்கு களஞ்சியத்தில் இருப்பவருக்கு ஒரு பொத்தானைக் காட்டிக் கொடுத்தால் போதும். ரூட்டருக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் வையுங்கள், இல்லாவிட்டால் சேர்வர் ஓடும், தொலைபேசிகளுக்கு எட்டாது. கணினிக்கு எப்போதும் ஒரே முகவரியைத் தரும்படி ரூட்டரிலேயே ஒதுக்கிவிடுவதும் அவசியம்.

பிறகு மாற்றங்கள் செய்யும்போது

ஆப்.பிஒய்யில் எதையாவது திருத்தினால் சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் நெல் கொடுக்கும்வரை பழைய நிரல்தான் ஓடும். அறுவடைக் காலத்தில் பகல் திருத்தம் வேண்டாம். லாண்ட்மாஸ்டர் வரிசை கலைந்த பிறகு செய்யுங்கள்.

திருத்துவதற்கு முன் தரவைப் பிரதி எடுங்கள். செயலி எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் சாதாரணமாகக் கோப்பைப் பிரதி எடுத்தால் பாதி எழுதிய நிலையில் மாட்டிக்கொள்ளலாம். எஸ்கியூலைட்3 கருவியை நிறுவி, அதில் தரவுக் கோப்பைத் திறந்து, .பேக்அப் என்ற கட்டளையோடு புதுக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். செயலி ஓடிக்கொண்டிருந்தாலும் முழுமையான பிரதி கிடைக்கும். அதைப் பென்டிரைவில் போட்டு, களஞ்சியத்துக்கு வெளியே வேறொரு இடத்தில் வையுங்கள்.