விட்சண்டே தீவுகளில் இரண்டே பேர் படகோட்ட: முதல்முறை போகிறவர்களுக்கு

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கரையோரம், கிரேட் பேரியர் ரீஃப் என்ற பெரும் பவளப்பாறைத் தொடருக்கு உள்பக்கமாக 74 தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. பெரும்பாலானவற்றில் குடியிருப்பே கிடையாது. அங்கே ஒரு படகை வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டலாம், அதற்கு உரிமம் கேட்பதில்லை. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, நானும் முதலில் நம்பவில்லை. ஆனால் ஸ்கூட்டரைப் பின்னால் தள்ளவே தடுமாறும் நானும் என் வீட்டுக்காரரும் ஐந்து இரவு அங்கே சுற்றிவிட்டு, படகில் ஒரு கீறல் இல்லாமல் திருப்பிக் கொடுத்தோம்.

படி 1: மாதம்
நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம், வேண்டாம். ஜூன் தொடங்கிப் போகலாம், ஆனால் தென்கிழக்குக் காற்று சில நாள் விடாமல் அடிக்கும். என்னைக் கேட்டால் செப்டம்பர்தான்: காற்று இறங்கியிருக்கும், கூனல் திமிங்கிலங்களும் குட்டிகளோடு இன்னும் அங்கேயே இருக்கும்.

படி 2: படகு
இரண்டு பேர் மட்டும் என்றால் கேட்டமரன், அதாவது இரட்டை உடல் படகு, எடுங்கள். பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனது, உருவத்தில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அதிகம் சாயாது. இரண்டு எஞ்சின் இருப்பதால் நின்ற இடத்திலேயே திரும்பும். ஒற்றை உடல் பாய்மரப் படகு வாடகை குறைவு, ஆனால் அடுப்பில் வைத்த பால் சாயும்போது அந்தக் காசு மிச்சமானது நினைவுக்கு வராது. நங்கூரச் சங்கிலியை இறக்கி ஏற்ற மின்மோட்டார் இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள். தைரியம் போதவில்லையா, முதல் நாளுக்கு மட்டும் சம்பளத்துக்கு ஒரு வழிகாட்டியை ஏற்றிக்கொள்ளலாம்.

படி 3: பயிற்சி
கிளம்புமுன் எல்லாவற்றையும் ஓட்டிக்காட்டிச் சொல்லித் தருவார்கள். அதை அப்படியே போனில் வீடியோ எடுங்கள். அன்று ராத்திரி கழிப்பறை பம்பு எந்தப் பக்கம் திருப்பணும் என்று யோசிக்கும்போது அந்த வீடியோதான் தெய்வம். தினமும் ரேடியோவில் கூப்பிட்டு எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள், சாயங்காலத்துக்குள் ஓரிடத்தில் நின்றிருக்க வேண்டும், இருட்டில் ஓட்டக் கூடாது. கெடுபிடியாகத் தோன்றும், ஆனால் பயணம் நிதானமாக அமைவதே இந்த விதியால்தான்.

படி 4: வழி
ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். கரையில் படகு கிளம்பும் ஊரான ஏர்லி பீச்சிலிருந்து ஹூக் தீவின் தென்பக்கத்தில் உள்ள நாரா இன்லெட்டுக்கு முதல் நாள் போய்விடலாம். மலை இடுக்குக்குள் நீண்டு போகும் அமைதியான நீர், மேலே கொஞ்சம் ஏறினால் இந்தத் தீவுகளின் ஆதிக்குடிகளான நாரோ மக்கள் தீட்டிய குகை ஓவியங்கள். அப்புறம் வடக்கே பட்டர்ஃபிளை பே, ஹேமன் தீவின் ப்ளூ பேர்ல் பே: பவளப்பாறை பார்க்க நீந்துவதற்கு. ஜெல்லிமீன் கொட்டாமலிருக்க முழு உடம்பையும் மூடும் உடையைப் போட்டுக்கொண்டே இறங்குங்கள். விட்சண்டே தீவின் சிட் ஹார்பரில் ராத்திரி தங்கலாம், ஆனால் குளிக்க இறங்கவே கூடாது, 2018-இல் அங்கே சுறாக்கள் தாக்கியிருக்கின்றன.

கடைசியில் டங் பே. அங்கிருந்து நடந்து போனால் ஹில் இன்லெட்டும், அதற்கு அப்பால் ஏழு கிலோமீட்டர் நீளும் வெள்ளை மணற்கரையான வைட்ஹேவனும் காலடியில் தெரியும். ஒரு சிக்கல், பெரிய படகோடு வரும் சின்னப் படகில் கரையேற ஏற்றம் (கடல் தண்ணீர் உயர்ந்திருக்கும் நேரம்) வேண்டும், மணலும் நீலமும் கலந்து ஓடுகிற அந்தக் கோலத்தைப் பார்க்க வற்றம் (தண்ணீர் இறங்கியிருக்கும் நேரம்) வேண்டும். நாங்கள் தண்ணீர் இறங்க ஆரம்பிக்கும்போது கரையேறி, மேலே ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டோம். திரும்பி வந்தால் எங்கள் சின்னப் படகு தரையில் கிடந்தது. பாதி தூரம் இழுத்தோம், மீதி தூரம் திட்டிக்கொண்டே இழுத்தோம்.

படி 5: நங்கூரம்
தம்பதிகள் சண்டை போடுவது இங்கேதான். ஒருவர் முன்னால் சங்கிலியிடம், இன்னொருவர் பின்னால் சுக்கானிடம், நடுவில் எஞ்சின் சத்தம். "நிறுத்துங்க" என்று நான் கத்தியது அவருக்கு "இறக்குங்க" என்று கேட்டது. ஆகவே கரையிலேயே கை சைகை பேசிவையுங்கள்: முஷ்டி என்றால் நிறுத்து, கட்டைவிரல் பின்னால் காட்டினால் பின்னால் போ. போதும்.

கணக்கு சுலபம்தான். இப்போது ஆழம் 6 மீட்டர், ஏற்றத்தில் இன்னும் 3 மீட்டர் கூடும் என்று அட்டவணை சொன்னால், மொத்தம் 9, அதற்கு ஐந்து மடங்காக 45 மீட்டர் சங்கிலி. வற்றத்தில் படகின் அடி தட்டாதா என்றும் பார்க்கணும். கீழே மணல் அல்லது சேறு வேண்டும், பவளத்தின் மேல் போடக் கூடாது. பல விரிகுடாக்களில் வெள்ளை மிதவைகள் வரிசையாக எல்லை காட்டும், அதற்குக் கரைப்பக்கமாக நங்கூரம் போடக் கூடாது. போட்டதும் எஞ்சினை மெதுவாகப் பின்னால் இழுக்கவிட்டு, கரையில் ஒரு மரத்தையும் அதற்குப் பின்னால் ஒரு பாறையையும் நேர்க்கோட்டில் பிடித்துக்கொள்ளுங்கள். கோடு நகர்ந்தால் நங்கூரம் பிடிக்கவில்லை, எடுத்து மறுபடி போடுங்கள். நாங்கள் முதல் நாள் மூன்று தடவை போட்டோம். படகைக் கட்டுவதற்கென்றே போட்டிருக்கும் நீல மிதவை காலியாக இருந்தால் இதெல்லாம் வேண்டாம், கயிற்றைக் கொக்கியால் எடுத்துக் கட்டினால் முடிந்தது, ஆனால் அது தாங்கும் படகின் நீளத்தையும், எத்தனை மணி நேரம் நிற்கலாம் என்பதையும் அதிலேயே படித்துவிடுங்கள்.

படி 6: சாப்பாடு
புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், எலுமிச்சை, அப்பளம், வீட்டிலேயே வறுத்த ரவை. படகு கிளம்புமுன்னே காய்கறியை நறுக்கி டப்பாவில் போட்டுவிடுங்கள். பாத்திரம் கழுவ நல்ல தண்ணீரை வீணாக்காதீர்கள், தொட்டியில் இருப்பதுதான் கடைசி வரைக்கும்.

நான் குக்கரும் கொண்டுபோயிருந்தேன். நாரா இன்லெட்டில் சூரியன் இறங்கி, தண்ணீர் அசையாமல் கிடக்க, முதல் விசில் மலையில் மோதித் திரும்பி வந்தது. மூன்று படகுகளிலிருந்து தலைகள் நீண்டன. இரண்டாவது விசிலுக்கு முன்னாலேயே அணைத்துவிட்டேன், அன்றைக்குச் சாதம் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருந்தது.