62 வீதத்தில் நின்ற லெப்டொப்

கல்லடியில் வீட்டு முன்னறையில் வைத்துத்தான் கொம்பியூட்டர் திருத்துகிறேன். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு வின்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. அதிலிருந்து, "அக்கா, 11 போட்டுப் பார்த்தன், பாதியில நிக்குது" என்று சொல்லி வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். பெரும்பாலும் பத்து வருடம் தாண்டிய மெசின்கள். வின்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 (மெசினின் பாதுகாப்புச் சிப்), செக்கியூர் பூட் (நம்பத்தக்க மென்பொருளோடு மட்டும் தொடங்கும் வசதி), இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசசர். இந்த மெசின்களிடம் அவை முழுமையாக இல்லை. இருந்தாலும் புதிதாக வாங்க எல்லாராலும் ஏலாது. அதனால் இந்த வேலையை நான் பொறுமையாகச் செய்து கொடுக்கிறேன்.

போன மாதம் திருக்கோவிலில் இருந்து உயர்தரம் படிக்கிற ஒரு பிள்ளை தகப்பனோடு வந்தாள். நான்காம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ரெம் (தற்காலிக நினைவகம்) இரண்டு, பழைய ஹாட் டிஸ்க். அண்ணன்காரன் பென் டிரைவில் வின்டோஸ் 11 ஏற்றியிருக்கிறான். 62 வீதத்தில் நின்றுவிட்டது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து மூன்று தரம் அணைத்திருக்கிறான். பிள்ளைக்குக் கண் கலங்கியிருந்தது. "நோட்ஸ் எல்லாம் போயிற்றா அக்கா?" என்றாள். "பொறு மகள், முதல்ல அதை எடுப்பம்" என்றேன்.

நீங்களும் அப்படித்தான் தொடங்க வேண்டும். இன்னொரு பென் டிரைவில் லினக்ஸ் மின்ட்டை (வின்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம்) ஏற்றி, இன்ஸ்டோல் பண்ணாமல் அதிலிருந்தே மெசினைத் தொடங்கினால் டிஸ்க்கில் இருப்பதைப் பார்க்கலாம், வெளி டிஸ்க்குக்கு எடுக்கலாம். அண்ணன் சி டிரைவை மட்டும்தான் அழித்திருந்தான். நோட்ஸ் டி டிரைவில் அப்படியே இருந்தது.

சரி, இனி நின்றுபோனதைப் பார்ப்போம். முதலில், அது உண்மையில் நின்றுவிட்டதா, மெதுவாகப் போகிறதா? கெப்ஸ் லொக் விசையைத் தட்டுங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. டிஸ்க் விளக்கு மினுங்கினாலும் அப்படித்தான். பழைய ஹாட் டிஸ்க்கில் ஒரே எண்ணில் அரை மணித்தியாலம் நிற்பது நான் பல தரம் பார்த்தது. கெப்ஸ் லொக் அசையவில்லை, டிஸ்க் விளக்கும் செத்துக் கிடக்கிறது என்றால் மட்டும் அணையுங்கள்.

அடுத்து, எந்தக் கட்டத்தில் நின்றது என்று எழுதி வையுங்கள். இதைத்தான் வருகிறவர்கள் யாரும் கவனிப்பதில்லை.

லோகோவோடு நின்று, இன்ஸ்டோல் திரையே வராவிட்டால் பென் டிரைவ் செய்த முறையைச் சந்தேகியுங்கள். ரூஃபஸில் (பென் டிரைவில் இன்ஸ்டோலரை ஏற்றுகிற புரோகிராம்) பென் செய்யும்போது, பயோஸ் (மெசின் தொடங்கும்போது முதலில் ஓடுகிற மென்பொருள்) புதிய யூஈஎஃப்ஐ முறையில் இருந்தால் ஜிபிடி, பழைய லெகசி முறை என்றால் எம்பிஆர் என்று டிஸ்க்கைப் பிரிக்கும் முறையைத் தெரிய வேண்டும். ஸ்டார்ட்டை அழுத்தியதும் ரூஃபஸ் ஒரு சிறு பெட்டி காட்டும். டிபிஎம், செக்கியூர் பூட், ரெம் அளவு ஆகிய சோதனைகளை நீக்கவா என்று அதில் கேட்கும். அந்த இடத்தில் டிக் போடுங்கள். ஆனால் கோர் 2 டூவோ மாதிரி மிகப் பழைய புரொசசர் என்றால் வின்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு எந்த டிக் போட்டாலும் எழும்பாது. அது கேட்கிற கட்டளை அந்தப் புரொசசருக்குள்ளேயே இல்லை. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், மின்ட்டையே போடுங்கள்.

ஃபைல் ஏறும்போது வீதக் கணக்கில் நின்றால், இன்னொரு தரம் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணில் நின்றால் இறக்கிய ஃபைல், பென், டிஸ்க் மூன்றில் ஒன்று பழுதாக இருக்கலாம். வேறு பென்னில், புதிதாக இறக்கிய ஃபைலோடு பாருங்கள். மின்ட்டில் டிஸ்க்ஸ் என்ற புரோகிராமைத் திறந்தால் ஹாட் டிஸ்க்கின் உடல்நிலையும் தெரியும். எண் மாறி மாறி நின்றால் ரெம் அல்லது சூடு காரணமாக இருக்கலாம்.

பிள்ளையின் மெசின் முதலில் 62, என் கையில் 71, மறுகா 48. பின் மூடியைக் கழற்றி ரெம்மை எடுத்தேன். ஒன்றின் தங்கக் கால்களில் பச்சை படிந்து, ஓரத்தில் இரண்டு கால்கள் கறுத்துப் போயிருந்தன. கடற்கரையோரம் யன்னலடியில் வைத்துப் படிக்கிற பிள்ளை, உப்புக்காற்று. பள்ளிக்கூட அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, தூளை ஊதி, திரும்பப் போட்டு, ரெம்மைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86+ என்ற புரோகிராமை ஓட்டினேன். பத்து நிமிடத்தில் சிவப்பு வரிகள் வந்தன. அந்த ஒன்றை மட்டும் கழற்றிவிட்டு மற்றதோடு ஓட்டினேன், இரவு முழுக்க ஒரு பிழையும் இல்லை. ரெம் சோதனையை அரை மணித்தியாலத்தில் நிறுத்தாதீர்கள், ஓர் இரவு கொடுங்கள்.

முதல் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு திரும்பவும் ஆரம்பத் திரையே வந்தால் மெசினில் பிழையில்லை, அது பென்னிலிருந்தே மறுபடி தொடங்குகிறது. ரீஸ்டார்ட் ஆகும் நேரம் பென்னைக் கழற்றுங்கள். சாதனங்களைத் தயாராக்கும் கட்டத்தில் நின்றால் மவுஸ், பிரின்டர், நெட்வேர்க் வயர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஓட்டுங்கள். டிரைவர்களைப் பிறகு போடலாம். பயோஸில் திகதி பல வருடம் பின்னால் கிடந்தால் மதர்போர்டில் உள்ள சில்லறைக் காசளவு பற்றரியை மாற்றுங்கள். திகதி பிழைத்தால் இன்டர்நெட் கேட்கும் கட்டத்தில் கரைச்சல் வரும்.

இன்னொன்று, பழைய லெப்டொப்பின் பற்றரி ஐந்து நிமிடமும் தாங்காது. இன்ஸ்டோல் நடுவில் கரண்ட் போனால் எல்லாம் முதலிலிருந்துதான். நான் யூபிஎஸ் இல்லாமல் தொடங்குவதே இல்லை.

பிள்ளையின் லெப்டொப்புக்கு வேறு 4 ஜிபி ரெம்மும், பழைய ஹாட் டிஸ்க்குக்குப் பதிலாக அதைவிட வேகமான ஒரு எஸ்எஸ்டியும் போட்டேன். இன்ஸ்டோல் அரை மணித்தியாலத்துக்குள் முடிந்தது. தகப்பனுக்கு ஒரு விசயத்தை மறைக்காமல் சொன்னேன். ஆதரவு இல்லாத மெசினுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசொஃப்ட் உறுதி தரவில்லை. வருடாந்தப் புதிய பதிப்பு தானாக வராமல் போகலாம், அப்போது ரூஃபஸில் திரும்பப் பென் செய்து ஏற்ற வேண்டும். "அது வேண்டாமென்றால் மின்ட் போட்டுத் தாறன், 22ஆம் பதிப்புக்கு 2029 வரை அப்டேட் வரும்" என்றேன். பிள்ளைக்கு வின்டோஸ்தான் பழக்கம் என்றார். சரி, புதிய பதிப்பு வந்ததும் மாரிக்கு முதல் கொண்டுவாங்க, மழை தொடங்கினால் இங்கே கரண்டை நம்பேலாது என்று சொல்லி அனுப்பினேன்.